மினுக்கிக்கொண்டே படுத்துவிட்ட பழைய மானிட்டர்: தூக்கிப் போடுவதற்கு முன்

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அப்பா 2007இல் வாங்கிய 19 அங்குல எல்சிடி மானிட்டர். மூன்று மாதத்துக்கு முன்பு, காலையில் பொத்தானை அமுக்கினால் படம் வர ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு ஐந்து நிமிடம், அப்புறம் கால் மணி நேரம். அதுவரை பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். போன வாரத்திலிருந்து மினுக்கல் மட்டும்தான், படமே இல்லை. கடைக்காரர் தொட்டுக்கூடப் பார்க்காமல், செத்துப்போனது, புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார். கோயில் கணக்கு எழுத அந்தச் சதுரத் திரைதான் வசதி என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். திறந்து பார்க்கலாமா?"

பார்க்கலாம் தம்பி. நீங்கள் எழுதிய நான்கு வரியிலேயே நோய் முக்கால்வாசி தெரிந்துவிட்டது. பட்டென்று ஒரே நொடியில் போன மானிட்டர் ஒரு ரகம். மூன்று மாதம் இழுத்துக்கொண்டு கிடந்து படுத்த மானிட்டர் வேறு ரகம். முதல் ரகம் என்றால் இடி மழையா, பியூஸா, சுட்டுப்போன டிரான்சிஸ்டரா என்று தேட வேண்டும். உங்களுடையது இரண்டாவது ரகம். பழுது பார்ப்பவனுக்கு இதைவிட நல்ல நோயாளி கிடைக்க மாட்டான். இதில் பத்துக்கு எட்டு, என் கைக்கு வந்தவற்றில், பவர் போர்டில் உள்ள, மின்சாரத்தைத் தேக்கி வைத்துக் கொடுக்கும் கெப்பாசிட்டர்கள் தேய்ந்துபோனவைதான். திரை நன்றாக இருக்கும், மூளை நன்றாக இருக்கும், சோறு மட்டும் போய்ச் சேராது.

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தச் சதுரத் திரை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் செய்தது, 1280க்கு 1024 புள்ளிகள். அதன் உயரமும் இன்று விற்கும் 24 அங்குல அகலத் திரையின் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டுமே 12 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. கணக்கு எழுதுகிறவருக்கு வேண்டியது உயரம். பக்கவாட்டு அகலம் படம் பார்ப்பவருக்கு. ஆகவே அவரோடு சண்டை போடாதீர்கள்.

ஏன் மினுக்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. சுவரிலிருந்து வரும் 240 வோல்ட் மாறுமின்சாரத்தைப் பவர் போர்டு முதலில் நேர்மின்சாரமாக மாற்றுகிறது. மாற்றும்போது அது ஏறக்குறைய 340 வோல்ட்டாகி, போர்டிலேயே மிகப் பெரிய கெப்பாசிட்டரில் போய் உட்காருகிறது. ஒரு சிறிய சில்லு அதை நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டி டிரான்ஸ்பார்மருக்குக் கொடுக்கும். மறுபக்கத்தில் மூளைக்கு 5 வோல்ட்டும் திரைவிளக்குக்கு 12 அல்லது 14 வோல்ட்டும் வெளியே வரும். வெட்டி அனுப்பியது அலை அலையாகத்தான் வரும். அந்த அலையைத் தட்டி மட்டம் செய்வது இந்தப் பக்கத்தில் இருக்கும் நான்கைந்து கெப்பாசிட்டர்களின் வேலை. அவற்றுக்குள் ஒரு கரைசல் இருக்கிறது. அது வற்ற வற்ற, அலை மட்டமாகாமல் குதிக்கும். சில்லு பார்க்கும், ஏதோ சரியில்லை என்று நிறுத்தும், ஒரு நொடி பொறுத்து மீண்டும் முயலும், மீண்டும் நிறுத்தும். நீங்கள் பார்க்கும் மினுக்கல் அந்த முயற்சிதான். அந்த முயற்சியிலேயே கெப்பாசிட்டர் கொஞ்சம் சூடேறும். சூடேறினால் உள்ளே தடை குறையும், படம் வந்துவிடும். காலையில் எழுந்ததும் மூட்டு பிடித்துக்கொண்டு, நாலடி நடந்த பிறகு சரியாகும் வயதானவர் மாதிரி. உங்கள் வீட்டில் அந்த நாலடி, கால் மணி நேரமாகி, இப்போது கட்டிலைவிட்டே இறங்காமல் போய்விட்டது.

2000களின் தொடக்கத்தில் தைவானில் செய்த பல கெப்பாசிட்டர்களில் கரைசலின் சேர்மானம் கெட்டுப்போய், உள்ளே வாயு சேர்ந்து, உலகம் முழுக்கக் கணினி போர்டுகள் புடைத்தன. அந்தப் பழியை 2007 மானிட்டர் மீதும் போடுகிறவர்கள் உண்டு. நான் போட மாட்டேன். சாதாரணக் கணக்கே போதும். 105 டிகிரிச் சூட்டில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று ஒரு கெப்பாசிட்டருக்கு உத்தரவாதம் என்று வையுங்கள். சூடு பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது தொழிலில் எல்லோரும் பிடிக்கும் அளவுகோல். 65 டிகிரியில் அது 32,000 மணி நேரம், தினம் எட்டு மணி நேரமென்றால் பதினோரு வருடம். அதையே, சில்லுகளின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க் தகட்டின் காலடியில் 75 டிகிரியில் வைத்தால் பாதி, ஐந்தரை வருடம். நம் ஊரில் காற்றாடி மட்டும் சுற்றும் அறையில், மத்தியான வெயிலில் எந்தக் கணக்கு பொருந்தும் என்று நீங்களே சொல்லுங்கள். இவ்வளவு நாள் ஓடியதற்கே அதை மெச்ச வேண்டும்.

திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன் மூன்று சோதனைகள் செய்யுங்கள். கணினியின் மின்கம்பியைக் கழற்றி மானிட்டரில் மாட்டிப் பாருங்கள், இரண்டும் ஒரே வகைதான். நம் மூன்று முனைப் பிளக்குக்குள் ஒரு பியூஸ் இருக்கிறது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மினுக்குகிறது என்றால் உங்களுக்கு இந்தச் சந்தேகம் இல்லை, ஆனாலும் ஒரு நிமிட வேலைதானே. அடுத்து, கணினியிலிருந்து படத்தைக் கொண்டுவரும் விஜிஏ கம்பியைப் பிடுங்கிவிட்டு மானிட்டரை மட்டும் போடுங்கள். நல்ல மானிட்டர் "சிக்னல் இல்லை" என்று எழுத்துக் காட்டும். மூன்றாவது எனக்குப் பிடித்தது: அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துத் தெரிந்தால் படம் உருவாகிறது, பின்விளக்குதான் எரியவில்லை என்று பொருள். அப்போது வைத்தியம் வேறு. எதுவுமே தெரியாவிட்டால் பவர் போர்டுக்குப் போங்கள்.

இப்போது எச்சரிக்கை. இதை நான் மெதுவாகச் சொல்லப் போவதில்லை. முன்பக்கப் பொத்தானை அணைத்தால் மானிட்டர் தூங்கும், அவ்வளவுதான், சுவர் மின்சாரம் உள்ளேயேதான் இருக்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் அந்தப் பெரிய கெப்பாசிட்டரில் 340 வோல்ட் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். பிடுங்கிவிட்டுக் கால் மணி நேரம் சும்மா இருங்கள். திறந்த பிறகு கையை வைப்பதற்கு முன் மல்ட்டிமீட்டரை நேர்மின்சார வோல்ட்டில் வைத்து, அந்தக் கெப்பாசிட்டரின் இரண்டு கால்களையும் தொட்டு அளந்து பாருங்கள். பத்து வோல்ட்டுக்கு மேல் காட்டினால் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை உறையிட்ட குறட்டில் பிடித்து, இரண்டு காலுக்கும் நடுவே பதினைந்து நொடி வையுங்கள். மீண்டும் அளங்கள். திருப்புளியைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடும் வீரர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவருக்குத் திருப்புளியின் நுனியே போயிற்று. இதைக் கேட்டுவிட்டு, வீட்டில் கிடக்கும் பெட்டி மானிட்டரையும் திறக்கலாமா என்று வேறு யாராவது நினைத்தால், வேண்டாம். அந்தக் கண்ணாடிக் குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும். அது வீட்டு மேசையில் செய்யும் வேலை இல்லை.

பழைய கைலி ஒன்றை நான்காக மடித்து மேசையில் விரித்து, திரை கீழே பார்க்கும்படி படுக்க வையுங்கள். மானிட்டரைத் தாங்கும் காலைக் கழற்றினால் அதன் அடியிலும் திருகாணி இருக்கும். திருகாணி எல்லாம் எடுத்த பிறகும் மூடி வராது, சுற்றிலும் பிளாஸ்டிக் கொக்கிகள் பிடித்திருக்கும். இங்கேதான் பாதிப் பேர் திருப்புளியை நுழைத்து ஓரத்தைக் கடித்து வைக்கிறார்கள். காலாவதியான டச் அண்ட் கோ அட்டை ஒன்று இருக்குமே, அதைக் கீழ் ஓரத்தில் நுழைத்து வழித்துக்கொண்டே போங்கள். "டக், டக்" என்று ஒவ்வொன்றாக விடும். முதல் சத்தத்தில் உடைந்துவிட்டது என்று நெஞ்சு பதறும், உடைந்திருக்காது. உள்ளே தகரப் பெட்டி, அதிலிருந்து திரைவிளக்குக்குப் போகும் இரட்டைக் கம்பிகள், பொத்தான்களுக்குப் போகும் பட்டைக் கம்பி. ஒவ்வொன்றையும் பிடுங்குவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுங்கள். நினைவில் வைத்துக்கொள்வேன் என்று என்னிடம் சொல்லாதீர்கள், இத்தனை வருடமாகியும் நான் படம் எடுக்கிறேன். போர்டுக்கு அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். அது குப்பை இல்லை. சாலிடர் முனைகள் தகரத்தில் படாமல் காப்பது அதுதான், அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும்.

இனி கெப்பாசிட்டரைப் பாருங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட சிறு டப்பாக்கள், தலையில் சிலுவை மாதிரியோ மூன்று கோடாகவோ கீறியிருக்கும். நல்லதின் தலை மேசை மாதிரி மட்டமாக இருக்கும். கெட்டது பூரி எழும்பியது போல நடுவில் மேடிட்டிருக்கும், சிலவற்றில் கீறல் பிளந்து பழுப்பாக எதுவோ கசிந்து காய்ந்திருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாவிட்டால் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். விரல் கண்ணைவிடக் கூர்மை. ஹீட்சிங்க் தகட்டை ஒட்டி நிற்பவைதான் முதலில் போயிருக்கும். இரண்டு மட்டும் புடைத்திருந்தாலும் அந்தப் பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை, மற்றவையும் பின்னாலேயே போகும். சுவர் மின்சாரம் நுழையும் முதன்மைப் பக்கத்தில், சில்லுக்கு அருகில், 22 அல்லது 47 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட் என்று ஒரு பொடியன் நிற்பான். தலை புடைக்காது, கசியாது, ஆனால் உள்ளே செத்திருப்பான். எல்லாம் மாற்றியும் மானிட்டர் எழுந்திருக்கவில்லை என்று என்னிடம் கொண்டுவந்தவற்றில் பல, இவனை விட்டுவிட்ட கேஸ்கள். இவனையும் மாற்றுங்கள்.

ஒவ்வொன்றின் உடம்பிலும் இரண்டு எண் இருக்கும்: 1000 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட் என்பது போல. மைக்ரோ ஃபாரட் என்பது எவ்வளவு தேக்கும் என்ற அளவு, அது அதேதான் வேண்டும். வோல்ட் அதே அளவு அல்லது அடுத்த படி, குறையவே கூடாது. வெப்பம் 105 டிகிரி, 85 டிகிரி மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். "லோ இஎஸ்ஆர்", அதாவது உள்ளே தடை குறைந்தது, என்று கேட்டு வாங்குங்கள். குறுக்களவையும் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள், குண்டாக வாங்கிவந்தால் தகர மூடி மூடாது. வாங்க வேண்டிய இடம் புடு, ஜாலான் பாசார். செந்தூலில் எல்ஆர்டி ஏறினால் வண்டி மாறாமல் புடு நிலையத்தில் இறங்கலாம், அங்கிருந்து நடை. லோயாட் பிளாசாவில் போய்க் கெப்பாசிட்டர் கேட்காதீர்கள், அங்கே உங்களுக்குப் புது மானிட்டர்தான் விற்பார்கள். பழைய கெப்பாசிட்டரையே கையில் கொண்டுபோங்கள். வாயால் விளக்கும் மலாய், கண்டனீஸ், தமிழ் எல்லாவற்றையும்விட அந்தச் செத்த டப்பா தெளிவாகப் பேசும். நிச்சிக்கான், ருபிகான், பானசோனிக் என்று ஜப்பானியப் பெயர்களைப் பார்த்து வாங்குங்கள். விலை நம்ப முடியாத அளவு மலிவாக இருந்தால் பெயரையும் நம்பாதீர்கள். ஆறு கெப்பாசிட்டருக்கு ஆகும் செலவில் இரண்டு பேர் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிடலாம், அவ்வளவுதான் கணக்கு.

கழற்றுவதில் அவசரம் ஆகாது. அந்தக் காலத்துப் போர்டுகள் பலவற்றில் ஈயம் சேராத சாலிடர், அது 217 டிகிரிக்குக் கீழே உருகாது. முதலில் முனையில் கொஞ்சம் ஈயக் கலப்புச் சாலிடரைச் சேர்த்துவிட்டால் தேன் மாதிரி இளகிவிடும். ஒரு காலைச் சூடாக்கி டப்பாவை லேசாகச் சாய்த்து, அடுத்த காலைச் சூடாக்கி மறுபக்கம் சாய்த்து, ஆட்டி ஆட்டி எடுங்கள். இழுத்தீர்கள் என்றால் கூடவே செம்புத் தடமும் உரிந்து வரும், பிறகு அழ வேண்டியதுதான். அடைத்துக்கொண்ட துளையைச் சூடாக்கிப் பல்குச்சியால் குத்தினால் திறக்கும்.

புதியதைப் போடும்போது பக்கம் பாருங்கள். டப்பாவில் பட்டை போட்டிருக்கும் பக்கம் கழித்தல் குறி. போர்டில் பெரும்பாலும் வட்டத்தின் பாதியைக் கறுப்பாக்கிக் கழித்தலைக் காட்டியிருப்பார்கள், ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி அச்சடிப்பதில்லை. அதனால்தான் படம் எடுக்கச் சொன்னேன். பல வருடத்துக்கு முன்பு, தீபாவளிக்கு முதல் நாள், பேசிக்கொண்டே ஒன்றைத் தலைகீழாக வைத்துவிட்டேன். மின்சாரம் கொடுத்த நான்காவது நொடியில் வெடித்தது. தெருவில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்ததால் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. வாசம்தான் காட்டிக்கொடுத்தது. கருவாடு கருகியது போல ஒரு நாற்றம், பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து பேசிக்கொண்டு சாலிடர் வைப்பதில்லை.

மாற்றியும் சரியாகாவிட்டால் எங்கே நிறுத்த வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். போர்டில் உள்ள பியூஸ் கண்ணாடிக் குழாய் உள்ளே கறுத்துச் சிதறியிருந்தால், புதுப் பியூஸ் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். பியூஸ் தானாகச் சாகாது, எதுவோ குறுக்கே சேர்ந்து அதைக் கொன்றிருக்கிறது. அந்தத் தேடலுக்கு அனுபவம் வேண்டும். போர்டில் அச்சடித்த எண்ணை வைத்து இணையத்தில் பழைய போர்டு ஒன்றைத் தேடி மாற்றுவது உத்தமம். படம் இரண்டு நொடி வந்து இருண்டுவிட்டால், அது பின்விளக்கு அல்லது அதை எரிக்கும் இன்வெர்ட்டர். 2007 திரைக்குள் இருப்பது எல்இடி இல்லை, பென்சிலைவிட மெல்லிய குழல்விளக்கு. அதை எரிக்கப் பல நூறு வோல்ட் வேண்டும். ஒரு விளக்கு சோர்ந்தாலும் இன்வெர்ட்டர் பயந்து எல்லாவற்றையும் அணைத்துவிடும். திரையைப் பிரித்து விளக்கை மாற்றுவது முடிகிற வேலைதான், ஆனால் தூசு ஒன்று உள்ளே போனாலும் ஆயுளுக்கும் கண்ணை உறுத்தும். 19 அங்குலத் திரைக்கு அந்தப் பாடு தகாது என்பது என் கருத்து.

ஒரு தடவை கிள்ளானில் ஓர் அச்சகத்து மானிட்டர், இதே இரண்டு நொடி நோய். கெப்பாசிட்டர் அத்தனையும் மட்டம். இன்வெர்ட்டர் டிரான்ஸ்பார்மர் மீது எதுவோ நூல் மாதிரி கிடந்தது. குறட்டால் தூக்கினால் பல்லி. கதகதப்புக்குக் காற்றுத் துளை வழியே உள்ளே வந்து, வாலை ஒரு முனையிலும் காலை மறுமுனையிலும் வைத்து அப்படியே அப்பளமாகிவிட்டது. அடியில் போர்டில் முடியளவு ஒரு கறுப்புக் கோடு. பஞ்சாங்கத்தில் தலையில் விழுந்தால் ஒன்று, தோளில் விழுந்தால் ஒன்று என்று பல்லிக்குப் பலன் போட்டிருக்கிறார்கள், இன்வெர்ட்டரில் விழுந்தால் என்ன என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பல்லியை எடுத்தது மட்டும் போதவில்லை. கரிந்த கோடே மின்சாரத்துக்கு வழியாகிவிட்டிருந்தது. கத்தி முனையால் கரியைச் சுரண்டி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்ட பிறகுதான் நின்று எரிந்தது. ஆகவே கெப்பாசிட்டரைத் தேடும் கண், கொஞ்சம் பல்லி, எறும்பு, கரப்பான் பூச்சியையும் தேடட்டும்.

எதுவும் பலிக்கவில்லை என்றால் பழைய இரும்பு வாங்கும் லாரியில் ஏற்றிவிடாதீர்கள். அந்த மெல்லிய குழல்விளக்குகளில் பாதரசம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு மலேசிய விதிமுறைகளில் மின்னணுக் கழிவை எஸ்டபிள்யூ 110 என்று தனியாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள். சுற்றுச்சூழல் துறையில் பதிந்த சேகரிப்பு மையங்கள் வாங்கிக்கொள்ளும்.

ஆனால் உங்கள் மானிட்டர் அங்கே போகாது என்றுதான் நினைக்கிறேன். மாற்றி முடித்ததும் விளக்குக் கம்பிகளை எல்லாம் மாட்டி, தகரப் பெட்டியை மூடி, பின்மூடியைக் கொக்கியில் மட்டும் அழுத்தி வைத்து, அதன்பிறகுதான் மின்சாரம் கொடுங்கள். படம் வந்தால் உடனே கொண்டாட வேண்டாம். சாலிடர் வைத்த சூட்டில் எதுவும் எழுந்து நிற்கும். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரவு முழுக்க ஆறவிடுங்கள். மறுநாள் விடிகாலை, அறை குளிர்ந்திருக்கும்போது, அப்பாவையே பொத்தானை அமுக்கச் சொல்லுங்கள். முதல் அமுக்கலிலேயே விளக்கு மினுக்காமல் படம் வந்துவிட்டால், அப்போது திருகாணிகளை முடுக்குங்கள். ஒன்றிரண்டு மிச்சம் வந்தால் கவலைப்படாதீர்கள், எனக்கும் வரும்.